பக்கம் மாறியவன்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கை வளர்த்தது அவனுடைய அக்காதான். அம்மா போனபோது அவனுக்கு விவரம் தெரியாத வயது. அப்பாவோ வீட்டில் கால் தரிக்காத மனிதர். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் மெஷின் மிதித்து அக்கா அவனுக்குச் சோறு போட்டாள். பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் "இவன் ஆளாகட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் ஆளாகி நிமிர்ந்தபோது கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். அதற்காக அவள் ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை.

"டேய் சின்னவனே" என்றுதான் கூப்பிடுவாள். கடைக்கு அனுப்பவும் அதுதான், கொஞ்சவும் அதுதான், அடிக்கக் கையை ஓங்கும்போதும் அதுதான். ஞாயிறு காலையில் தண்ணீரைத் தொட்டு அவன் தலையை வாரிவிட்டுக் கோயிலுக்கு இழுத்துப்போவாள். பூசையில் தூங்கி வழிந்தால் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழும். சாயங்காலம் ஜெபமாலை. அவள் அறைச் சுவரில் ஒரு மரப்பலகை அடித்து, அதில் மாதா சொரூபம் வைத்திருந்தாள். அம்மா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த சொரூபம். நீல முக்காடு மங்கி, மூக்கு நுனியில் பெயின்ட் உதிர்ந்திருக்கும். "மாதாவுக்கு ஜலதோஷம்" என்று சின்ன வயதில் அவன் சொல்லப்போக, அக்கா கண்டிப்பதா சிரிப்பதா என்று தெரியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவன் தொழில் கற்றான், சொந்தமாகப் பட்டறை போட்டான், கல்யாணமும் ஆனது. அக்கா அவர்களோடேயே இருந்தாள். குழந்தை மட்டும் தங்கவில்லை. ஒவ்வொரு முறையும் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொள்வாள். அக்கா அவள் காலடியில் உட்கார்ந்து மணி உருட்டுவாள். அவன் பட்டறைக்குப் போய்விடுவான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சபைப் போதகரின் வீட்டு ஃப்ரிட்ஜ் குளிராமல் போய், அவனைக் கூப்பிட்டார்கள். கேஸ் எங்கேயோ கசிந்திருந்தது. குழாய் நெடுகச் சோப்பு நுரையைத் தடவி எங்கே கொப்புளம் கட்டுகிறது என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது, போதகர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பிக்குப் பிள்ளைங்க எத்தன?"

வழக்கமாக அவன் மழுப்பிவிடுவான். அன்று ஏனோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். போதகர் அவனுடைய சோப்புக் கைகளை அப்படியே பிடித்துக்கொண்டு ஜெபித்தார். அவன் பேரைச் சொன்னார், அவன் மனைவி பேரைக் கேட்டுச் சொன்னார். இத்தனை காலம் கோயிலுக்குப் போயிருக்கிறான். அவன் பேரைச் சொல்லி யாரும் கடவுளிடம் பேசி அவன் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு புருஷனும் பெண்டாட்டியும் சபைக்குப் போனார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, கைதட்டல். யாரோ ஒரு பெண்மணி அவன் மனைவியைக் கட்டிப்பிடித்து, அவளோடு சேர்ந்து அழுதாள். மனைவி வீடு திரும்பும் வழியில், வெகு நாளைக்குப் பிறகு பசிக்கிறது என்றாள். அது போதாதா அவனுக்கு? சீக்கிரமே இருவரும் தொட்டியில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தார்கள்.

"சின்ன வயசிலேயே தலையில தண்ணி ஊத்தியாச்சேடா" என்றாள் அக்கா. "அது என்ன காஞ்சா போச்சு?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று இருவருமே நினைத்தார்கள்.

சில மாதம் கழித்துப் போதகர் வீட்டுக்கு வந்தார். அறை அறையாக ஜெபித்துக்கொண்டே வந்தவர், அக்காவின் அறை வாசலில் நின்றுவிட்டார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, வீட்டுக்குள்ள விக்கிரகத்த வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு ஆசீர்வாதம் கேக்குறோமே?" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அக்கா தையல் கடைக்குப் போன பிறகு அவன் சொரூபத்தைத் துணியில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனான். செத்த கம்ப்ரஸர்களுக்கு நடுவே தரையில் வைத்தான். யாருக்காவது கொடுத்திருக்கலாம், கோயில் வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். பிற்பாடு இதெல்லாம் எத்தனையோ தடவை அவன் மனதில் ஓடியது. அன்றைக்குத் தோன்றியது சுத்தியல்தான். துணியோடு சேர்த்து அடித்தான். பார்க்கப் பயந்துகொண்டு துணியை மூடி அடித்தவன், நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும், அது விசுவாசம்தானா என்று. அதையும் பிற்பாடுதான் கேட்டுக்கொண்டான்.

சாயங்காலம் அக்கா தன் அறைக்குள் போனாள். பிறகு வெளியே வந்து, "கீழ விழுந்துருச்சா?" என்றாள்.

"நான்தான் எடுத்தேன்."

"எங்க வச்சிருக்க?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். அன்று முதல் வெறும் பலகைக்கு முன்னால் முழங்காலிட்டு ஜெபமாலை சொன்னாள். கதவை மட்டும் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாக்கா!" என்று குழந்தையை அவள் கையில் வைத்தான். "வீட்ட சுத்தம் பண்ணினோம், கர்த்தர் குடுத்தாரு."

அக்கா குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நானும்தான்டா மாதாகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். அந்தப் பலகையைப் பார்த்து."

அவனுக்குச் சுருக்கென்றது. தன் வெற்றியில் அவள் பங்கு கேட்பதுபோல் இருந்தது.

குழந்தை வளர வளர வீட்டுக்குள் புகைச்சல் வளர்ந்தது. கைக்குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்க அக்கா கெஞ்சினாள். வளர்ந்து அவளாகத் தீர்மானிக்கட்டும் என்று சபை முறையை அவன் சொன்னான். ஒரு நாள் மதியம் அவன் சாப்பிட வந்தபோது, மகள் தரையில் உட்கார்ந்து ஜெபமாலையைக் கழுத்தில் மாட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா அவளுக்குச் சிலுவை அடையாளம் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றி, மார்பு, தோள், தோள். குழந்தை தப்பாக மூக்கைத் தொட்டுச் சிரித்தது. அவன் மாலையைப் பிடுங்கினான். மணிகள் தெறித்து அலமாரிக்கடியில் ஓடின. குழந்தை வீறிட்டது.

"இங்க பாருக்கா, ஒரே வீட்டுல ரெண்டு வழிபாடு ஆகாது" என்றான். "இருக்கிறதுன்னா எங்க மாதிரி இரு."

இல்லாவிட்டால் என்ன என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. குனிந்து மணிகளைப் பொறுக்கிக்கொண்டாள். மனைவிதான் "அண்ணி, அவர் ஏதோ கோவத்துல..." என்று பின்னாலேயே போனாள்.

அந்த வாரமே கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் அக்கா இடம் பார்த்துக்கொண்டாள். அங்கே தையல் வேலையும் இருந்தது. பெட்டியைத் தூக்க அவன் கையை நீட்டியபோது, "இருக்கட்டும், நீங்க சிரமப்படாதீங்க" என்றாள்.

கோபத்தில் சொல்கிறாள், ஆறிவிடும் என்று அவன் நினைத்துக்கொண்டான். கோபத்தில் சொன்னதல்ல அது. அதற்குப் பிறகு எப்போதாவது பார்க்கப் போனாலும் "வாங்க, உக்காருங்க, பாப்பா நல்லாயிருக்காளா?" என்பாள். எழுந்து நின்று நாற்காலி போடுவாள். மற்றவர்கள் மரியாதைக்குரிய தம்பி என்று நினைத்தார்கள். அவனுக்கு அங்கே உட்கார இருப்புக்கொள்ளாது. போவதைக் குறைத்துக்கொண்டான்.

வருஷங்கள் ஓடின. மகள் மேல்வகுப்புக்கு வந்துவிட்ட சமயத்தில் சபை இரண்டாக உடைந்தது. யார் மூப்பர், கட்டடம் யாருக்கு என்று தொடங்கிய சண்டை, ஒரு ஞாயிறு ஆராதனை நடுவிலேயே மைக்கைப் பிடுங்குவதில் போய் நின்றது. அவன் மனைவியோடு சேர்ந்து அழுத அந்தப் பெண்மணி, எதிரணிப் பெண்ணைப் பிசாசு என்று கைநீட்டிக் கத்தினாள். போதகர் ஒரு ஓரமாக நின்று அழுதார். கெட்ட மனிதரல்ல அவர். அவனால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதற்காகவா, என்று உள்ளே ஏதோ கேட்டது.

மனைவி ஒரு அணியோடு போனாள். அவளுக்கு அங்கே சிநேகிதிகள் இருந்தார்கள். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையைத் திறந்துவைத்து உட்கார்ந்தான். ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த மகள் கேட்டாள்:

"அப்பா, ஸ்கூல்ல ஃப்ரெண்டு கேக்குறா. நாம கத்தோலிக்கா, இல்ல மத்ததா?"

"கிறிஸ்தவங்கன்னு சொல்லு."

"அது அவளுக்கும் தெரியும்ப்பா. எந்தப் பக்கம்னு கேக்குறா."

"அம்மாவ கேளு."

"அம்மா உங்கள கேக்கச் சொன்னாங்க."

அவன் ஸ்பானரை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று பட்டறைத் தரையிலேயே முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டான். நேரடியாகக் கேட்டால் போதும், நடுவில் மனிதன் தேவையில்லை என்று சபையில் கற்றிருந்தான். கேட்டான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டாயிற்று, ஆனால் மன்னித்தேன் என்று காதில் விழச் சொல்ல யாருமில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பழைய கோயிலுக்குப் போனான். பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் திரைக்கு அந்தப்பக்கம் சாமியார் செருமுவது கேட்டது. வரிசை நகர்ந்து அவன் முறை வந்தது. இந்த ஆளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று சபைப் புத்தி கேட்டது. பின்னால் நின்றவரை முன்னே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான். அங்கே கற்றது இங்கே சொல்லவிடவில்லை, இங்கே பழகியது அங்கே ஆறவிடவில்லை.

கடைசியில் மகளையும் கூட்டிக்கொண்டு அக்காவிடம்தான் போனான். அவள் பீடத்துக்கான வெள்ளைத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி தடித்திருந்தது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, "எவ்ளோ வளந்துட்டடீ!" என்றாள். அவன் பக்கம் திரும்பி, "வாங்க" என்றாள்.

மகள் தோட்டத்தைப் பார்க்கப் போனதும் அவன் சொன்னான்: "அக்கா, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. அதே மாதிரி ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

"வேணாங்க. இங்க நிறைய இருக்கு." ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், அவன் வாங்கிக் கோத்துக் கொடுத்தான். "அது களிமண்ணுதானே. எனக்கு மட்டும் தெரியாதா? நான் என்ன மண்ணையா கும்பிட்டேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீங்க. நானே எடுத்து யார்கிட்டயாவது குடுத்திருப்பேன். உங்களுக்குக் குழந்தை வேணும்னா அதக்கூடச் செய்ய மாட்டேனா?"

அவனால் நிமிர முடியவில்லை. "என்னை 'டா'ன்னு கூப்பிடுக்கா" என்றான்.

அவள் லேசாகச் சிரித்தாள். "நானும் நினைப்பேன். வாயில வரமாட்டேங்குது. என்ன செய்ய?"

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவனுக்குப் பட்டது.

மணி அடித்தது. இல்லத்துச் சிற்றாலயத்தில் பூசை. "வர்றதுன்னா வாங்க" என்றாள் அக்கா. மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் பிதாவை நோக்கிச் செபிக்கத் தொடங்கியபோது, மற்றவர்கள் வாயில் விண்ணுலகம் வந்தது, அவன் வாயில் சபை ஜெபத்தின் பரமண்டலம் வந்தது. முன்வரிசைக் கிழவி திரும்பிப் பார்த்தாள். அவன் பாதியில் நிறுத்தி, உதட்டை மட்டும் அசைத்தான். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் அக்கா எல்லோருக்கும் கைகூப்பியதுபோல அவனுக்கும் கைகூப்பினாள்.

நன்மை என்னும் அப்பத்தை வாங்க வரிசை கிளம்பியது. பாவசங்கீர்த்தனம் செய்யாத அவன் உட்கார்ந்தே இருந்தான். அக்கா அவனைக் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். வழி விட அவன் முழங்காலை ஒடுக்கினான். கடக்கும்போது அவளுக்குத் தடுமாறியது. சட்டென்று அவன் தோளை அழுத்திப் பிடித்து, நிலைக்கு வந்து, பிறகு கையை எடுத்துக்கொண்டு மெல்ல முன்னே நடந்தாள்.

"நீங்க போகலயாப்பா?" என்று மகள் கிசுகிசுத்தாள்.

"இல்லம்மா."

"எனக்கும் போகத் தெரியாது" என்றாள் அவள்.

அவன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டான். வரிசை மெதுவாக நகர்ந்தது. வெள்ளை முக்காட்டுத் தலைகளுக்கு நடுவே அக்காவின் தலை எது என்று அவனுக்குப் பின்னாலிருந்து சரியாகத் தெரியவில்லை.