பச்சைத் துண்டுக்கு ஒரு முகம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்த மெர்சி என்பவர் சொன்னது. பஸ் வந்ததும் பாதியில் ஏறிப் போய்விட்டார். மீதியை நானே இட்டுக்கட்டிவிடலாம் என்ற திமிரில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தி சாயும் வேளை. ஏரித் தண்ணீரில் நாரைகள்—"

ஏரி கிடையாது. அது இல்லாததுதான் கதையே. அடித்துவிட்டேன்.

"மெர்சி என்றொரு ஏழைத் தொழிலாளி, கண்களில் கனவுகளோடு—"

மெர்சி கார் சீட் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறார். கூட்டுரோடு வரை வர ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். அவர் கண்ணில் நான் கண்டது தூக்கம்தான். அதையும் அடித்துவிட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

மெர்சி ஒரு நாடகம் எழுதினாள். (இனிமேல் 'அவள்'தான். கதைக்குள் வந்துவிட்டால் யாருக்கும் மரியாதை கொஞ்சம் குறையும்.)

பெயர் 'ஏரி வித்த கதை'. அவளுடைய சொந்த ஊர் விவகாரம். பச்சைத் துண்டு போட்ட ஊர்த் தலைவர், முதல் காட்சியில் ஏரியை அளக்க வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார், தானும் குடிக்கிறார். அடுத்த காட்சியில் வரத்துக் கால்வாயில் லாரி மண் கொட்டுவதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல நடக்கிறார். மூன்றாவதில் ஏரியை விற்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். கடைசியில் மழை கொட்டுகிறது. ஏரி தன் இடத்தைத் தேடிக்கொண்டு ஊருக்குள் வருகிறது.

பொங்கலுக்கு அந்த ஊரிலேயே மேடை போட்டார்கள். நடிகர்கள் எல்லாரும் கம்பெனி வேலைக்குப் போகும் ஊர் ஆட்கள். நாடகம் முடியும் வரை ஒரே ஆளை வேலையிலிருந்து விட்டுவைக்க எந்த சூப்பர்வைசருக்கும் மனசு வராது. அதனால் தலைவர் வேடத்துக்கு மூன்று பேர். கோதண்டராமன் டீ குடித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவார். துண்டு அப்பாவுவின் தோளுக்குப் போகும். அப்பாவு கிளம்பினால் ஷிப்ட் முடிந்து வரும் சிவசங்கர்.

பார்த்தவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. கம்பெனி லைனில் ஒருத்தன் போனால் இன்னொருத்தன் நிற்பான், சீட் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். துண்டு யார் தோளில் கிடக்கிறதோ அவர்தான் தலைவர்.

அன்றைக்கு சிவசங்கரின் பஸ் தண்டலம் நெரிசலில் மாட்டிக்கொண்டது. கடைசிக் காட்சிக்கு ஆளில்லை. முன்வரிசையில் பூ கட்டிக்கொண்டிருந்த தாயாரம்மாளின் தோளில் துண்டைப் போட்டு மேடையேற்றிவிட்டார்கள். அவர் மைக்கைப் பார்த்து, "நானா வித்தேன்? எல்லாருந்தானடா டீ குடிச்சீங்கோ!" என்றார்.

அது மெர்சி எழுதாத வசனம். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வீட்டுக்குப் போனது.

3

அந்த நாடகத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் நம்பிராஜன் வந்தார். தெற்கத்தி ஆள், கோடம்பாக்கத்தில் இருக்கிறார், இயக்குநர். (எத்தனை படம் என்று நான் கேட்கவில்லை. மெர்சியும் கேட்கவில்லை.)

"நாடகம் அருமை மேடம். ஆனா சினிமாவுக்கு ஒரு முகம் வேணும், பாத்துக்கிடுங்க. சீனுக்குச் சீன் ஆள் மாறினா மூணு தலைவர்னு நெனச்சுக்கிடுவாங்க."

"துண்டு ஒண்ணுதானே சார்?"

"துண்டுக்கு குளோசப் வைக்க முடியுமா?"

மெர்சி தலையாட்டிவைத்தாள். திரைக்கதையில் அவள் பெயர் வரும் என்று நம்பிராஜன் சொல்லியிருந்தார். அதை அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா சர்ச் முழுக்கச் சொல்லியிருந்தார்.

ஒரு முகம்தான் என்றதும் ஊரில் போட்டி கிளம்பியது. கோதண்டராமன் தலைக்கு மை அடித்தார். அப்பாவு விடியற்காலையில் ஓட ஆரம்பித்தார். சிவசங்கர் குன்றத்தூர் மலையேறி முருகனிடம் மனு கொடுத்தார். கடைசியில் மை ஜெயித்தது. கோதண்டராமனை வைத்துக் கையெழுத்துக் காட்சியைப் போனில் சோதனைக்கு எடுத்தார்கள். இரவுக்குள் அது எல்லார் போனுக்கும் போய்விட்டது.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் ஒருவர் கேட்டார்.

"இன்னா கோதண்டம், ஏரிய நீதான் வித்தியாமே?"

"யோவ், அது நடிப்புய்யா."

"நடிப்புதான். கை நடுங்காம போட்ற பாரு கையெழுத்து. பழக்கம் கீது போல."*

சாயங்காலம் கோதண்டராமன் மெர்சி வீட்டு வாசலில் நின்றார். துண்டை மடித்து, சாவுக்கு வந்தவர் மாதிரி பிடித்திருந்தார்.

"எனுக்கு இது வாணாம்மா. மூணு பேரா நின்னப்ப எல்லாரும் சிரிச்சிகினு இருந்தாங்கோ. ஒத்தையில நின்னா என்னியே பாக்குறாங்கோ. மாப்ள வூட்டுக்கும் வீடியோ போய்ச்சு. நான் பொண்ண குடுக்கணும்மா."

அப்பாவு அந்த வாரம் முழுக்க ஓவர்டைம் எழுதிக்கொண்டார். சிவசங்கர், முருகன் உத்தரவு தரவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

* கோதண்டராமனுக்கு அந்த ஏரியில் கையளவு நிலம்கூடக் கிடையாது. ஆனால் மண் அடித்தது அவர் அண்ணன் லாரி. ஓட்டியது அப்பாவுவின் மச்சான். டீசல் போட்டது— இந்தக் குறிப்பை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். பக்கம் போதாது.

4

"கவலய விடுங்க மேடம், மெட்ராஸ்ல இருந்து ஒரு ஆர்ட்டிஸ்ட் வாராரு" என்றார் நம்பிராஜன்.

செய்தி கேட்டு ஊர் துள்ளிக் குதித்தது. அப்படியானால் விற்றது வெளியூர்க்காரன்! ஷூட்டிங்குக்கு இடம் இலவசம், சாப்பாடு இலவசம். மூன்று பழைய தலைவர்களும் சேர்ந்து கூட்டுரோட்டில் பேனர் வைத்தார்கள்:

"எங்கள் ஏரியை விற்க வருகை தரும் அண்ணன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்!"

கீழே மூவரின் படமும் கும்பிட்டபடி.

மெர்சி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பிறகு அங்கேயே அழுதாள். அவள் எழுதியதில் ஊர் விற்றது. இப்போது அதே ஊர், விற்றவனுக்குத் தோரணம் கட்டிவிட்டுக் கை கழுவி நிற்கிறது. சரி என்று இரவுக்குள் அவள் சொன்னால் நாளை ஷூட்டிங். இல்லையென்றால் படமே இல்லை, அம்மா எந்த முகத்தோடு சர்ச்சுக்குப் போவார்?

"நீங்க எழுத்தாளர்தானே, இன்னா சார் பண்றது?" என்று டீக்கடையில் என்னிடம் கேட்டுவிட்டு, பையிலிருந்து துண்டை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். பஸ் வந்தது.

5

முடிவு (அ): நடிகர் துண்டைப் போடுகிறார். படம் விருது வாங்குகிறது. பேனர் கிழியும்வரை ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது.

முடிவு (ஆ): மெர்சி மாட்டேன் என்கிறாள். படம் நிற்கிறது. அம்மா பேசுவதை நிறுத்து—

முடிவு (இ): கொட்டும் மழையில் துண்டு தோளுக்குத் தோள் மாறுகிறது, ஊர் முழுக்க, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு குளோசப். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் நம்பவில்லை. கோதண்டராமன் பெண்ணைக் கொடுக்க வேண்டும் என்பதை அழகுக்காக மறந்துவிட்டேன்.

6

ஒன்றைச் சொல்லவில்லை. பஸ் கிளம்பியபோது துண்டு பெஞ்சிலேயே கிடந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். "மேடம், துண்டு!" ஜன்னலோரம் இருந்த மெர்சி என்னைப் பார்த்தாள், துண்டையும் பார்த்தாள். கையை நீட்டவில்லை. சிரித்தாள். அவ்வளவுதான்.

ஓடிய வேகத்தில் அதைத் தோளில் போட்டிருந்தேன் போலிருக்கிறது. திரும்பி வந்தால், நாடகம் பார்த்திருந்த டீ மாஸ்டர் கண்ணடித்தார்.

"வா தலைவரே. டீ சாப்புடு."

நான் குடித்தேன். பழக்கதோஷம். பாதி குடித்த பிறகுதான் முதல் காட்சி ஞாபகம் வந்தது.

கடையில் வேறொரு பச்சைத் துண்டு வாங்கிவிடலாமே என்பீர்கள். நம்பிராஜன் அதைத்தான் செய்வார். என் பிரச்சினை இந்தத் துண்டு. எழுதும் மேசையில் கிடக்கிறது. மெர்சி சரி சொல்லியிருந்தால், விடிந்ததும் ஷூட்டிங். நீங்கள் எந்த ஊர், உங்கள் வீடு கட்டிய இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் தோளைக் கொஞ்சம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் பரவாயில்லை, மெட்ராஸிலிருந்து ஒருவர் கிளம்பிவிட்டார்.