கரிசக்குளத்துத் தண்ணீர்ப் பந்தல்

எங்கெங்கிருந்தோ காசு கட்டி ஓட வருகிறவர்களுக்கு எந்த இடத்தில் தொண்டை வறளும் என்று சுமதிக்கு ஒரு மாதமாக அதே நினைப்புத்தான். அருப்புக்கோட்டையில் கிளம்பி, திருச்சுழி போய்த் திரும்புகிற மாரத்தான். வழிநெடுக நிழல் என்று சொல்ல வேலிக்கருவேலையைத் தவிர ஒன்றும் கிடையாது. தண்ணீர், வாழைப்பழம், ஆம்புலன்ஸ் எல்லாம் அவள் பொறுப்பு. கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றது? ஊரான் தாகத்தையெல்லாம் கணக்குப் போட்ட மகராசிக்கு, தீபாவளியிலிருந்து படுக்கையில் கிடக்கும் தகப்பன் பால்ச்சாமியை ஒரு எட்டு பார்த்துவிட்டு வர மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை தம்பி தங்கபாண்டி போனில் கூப்பிட்டான். "அக்கா, அய்யா உன்னயவே கேக்குறாக. ஒருக்கா வந்துட்டுப் போ."

"ஞாயித்துக்கெழம, கடைசியா ஓடுறவருக்குப் பின்னால வார வண்டியில அங்கதானடா வாரேன். வந்தா ரெண்டு நா இருந்துட்டுத்தான் போவேன். அய்யாட்ட சொல்லு."

சொல்லிவிட்டு, தண்ணீர் லாரிக்காரருக்குப் போன் போட்டாள்.

திரும்பி வருகையில் வெயில் மண்டையைப் பிளக்கிற இடம் அவள் பிறந்த கரிசக்குளம்தான். அந்தப் பந்தலை மட்டும் அவள் கூலி ஆட்களிடம் விடவில்லை. ஊர்க்காரர்களையே நிற்கச் சொன்னாள். ஆண்கள் கொட்டடிக்க வேண்டும், பெண்கள் குலவை போட வேண்டும், ஓடுகிறவனுக்குக் களைப்பே தெரியக்கூடாது. தண்ணீர்த் தொட்டியும் பிளாஸ்டிக் சேர்களும் சனிக்கிழமையே போய்ச் சேர்ந்தன. "அய்யாவ ஒரு சேர்ல தூக்கி வாசல்ல உக்கார வைடா. மக நடத்துறத அவுக பாக்கணும்" என்று தம்பிக்கு உத்தரவு வேறு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓட்டம் கிளம்பியது. சுமதி மைதானத்துக் கூடாரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தலாகக் கூப்பிட்டாள்.

"தண்ணி?"

"ரொப்பியாச்சுக்கா" என்றான் தங்கபாண்டி.

"அய்யா?"

"தூங்குறாக."

"இன்னிக்குமா தூக்கம்? எழுப்பி உக்கார வைடா."

வெயில் ஏறியது. கரிசக்குளத்தைத் தாண்டி வந்தவர்கள், தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனால் கொட்டும் இல்லை, குலவையும் இல்லை, எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறார்கள் என்று சொன்னார்கள். கூடாரத்தில் ஒருவர், "உங்க ஊர்ல சிரிக்கவே மாட்டாங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டார். சுமதிக்குச் சுருக்கென்றது. மறுபடி போனை எடுத்தாள்.

"ஏன்டா, எழவு வீடு மாதிரி நிக்கிறீகளாம்? கொட்டுக்காரருக்கு என்ன வந்துச்சு? என் மானத்த வாங்காதீக."

"சரிக்கா" என்றான் தம்பி. பாவி, அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கடைசியாக வந்தவர் காரியாபட்டிக்காரர், காலை இழுத்து இழுத்து நடந்தார். கூடாரத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் ஊர்ந்து வந்த கடைசி வண்டியில் சுமதி ஏறியிருந்தாள். பந்தலில் தம்பி மனைவி மாரிக்கனி, சேலைத் தலைப்பை வாயில் கவ்வியபடி தம்ளரை நீட்டினாள். அவர் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். சுமதி வண்டியை விட்டு இறங்கினாள். அவர் வளைவைத் தாண்டும்வரை ஊரே பார்த்துக்கொண்டு நின்றது.

மாரிக்கனி தம்ளரை வைத்தாள். வாயிலிருந்து தலைப்பை எடுத்ததும், "மதினீ..." என்று வந்து சுமதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டாள். பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து அழுதார்கள். மரத்தடியில் கொட்டு விழ ஆரம்பித்தது. அது சாவுக் கொட்டு.

"அய்யா விடியங்காட்டியே போயிட்டாகக்கா" என்றான் தங்கபாண்டி.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ அப்படியே போட்டுட்டு ஓடியாந்துருவ. கொட்டு விழுந்துட்டா நம்மூர்ல பெணம் எடுக்குற வரைக்கும் யாரு வேலையத் தொடுவா? ஓடி வாரவுகளுக்கு யாரு ஊத்துறது? ஒருத்தன் சுருண்டு விழுந்தாலும் உன் பேருதான கெடும். அதான் ஊர்ல எல்லாரும் அடக்கிக்கிட்டோம்."

காலையிலிருந்து ஊருக்கெல்லாம் ஊற்றியவர்கள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. தம்பியை அறையலாம் போலிருந்தது, அவன் காலில் விழலாம் போலவும் இருந்தது. பந்தலுக்கு எதிரேயிருந்த வீட்டுக்குள் ஓடினாள். அவள் அனுப்பிய சேர் ஒன்றில் பால்ச்சாமி, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"நீ சொன்னபடிதான்க்கா உக்கார வச்சிருக்கோம்."

சுமதி அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் அந்தக் கை ஒருமுறை அவள் தலையைத் தடவியிருக்கும். இனி எங்கே போய்க் கேட்பாள்?

பெரியவர்கள் நீர்மாலைக்கு நேரமாகிறது என்றார்கள். குளிப்பாட்டுகிற தண்ணீரை மகள்தான் குடத்தில் எடுத்து வரவேண்டும். தங்கபாண்டி தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். ஓடியவர்கள் குடித்துத் தீர்த்திருந்தார்கள். ஊர்க் குழாயில் அன்றைக்குத் தண்ணீர் முறை கிடையாது.

சுமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரிக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, கரிசக்குளத்துக்கு இன்னொரு லோடு வேணும்."

"ஓட்டந்தான் முடிஞ்சிருச்சேம்மா. இனி யாருக்குத் தண்ணி?"

"எங்கய்யாவுக்கு" என்றாள். தங்கபாண்டி போனை வாங்கிக்கொண்டான்.