திருப்பத்து நாற்காலி

மாடிப்படித் திருப்பத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து துவைத்த துண்டை மடித்துக்கொண்டே, "பின்கால் ஆடுது பாருங்க. தச்சன் வீட்டு நாற்காலிதான் ஆடும்" என்றாள் தச்சரின் மனைவி. சாயங்காலம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் பட்டறைக்குக் கிளம்பினார். மதியம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் சளி கட்டி, அந்த வாரத்துக்குள் அவள் போய்விட்டாள்.

அவளுக்குப் பல வருடமாக நாள்பட்ட சோர்வு நோய். பாதிப் படியிலேயே கால் விட்டுப்போகும் என்று அவர் செய்து போட்ட நாற்காலி அது. அவளுடைய தம்பி மருத்துவமனையில் மனநல ஆலோசகன். எண்ணமும் பழக்கமும் மாறினால் சோர்வும் மாறும் என்று நம்பிப் பேச்சுச் சிகிச்சை கொடுப்பவன். நாற்காலி இருக்கும்வரை அக்கா உட்காரத்தான் செய்வாள், எடுத்துவிடுங்கள் என்று ஒருமுறை ஒற்றைக்காலில் நின்றான். தம்பி பேச்சை அவள் தட்டியதே இல்லை. நாற்காலியை எடுத்தாயிற்று; நாளுக்கு நாள் கூடுதலாகப் படி ஏறினாள். மாதம் திரும்புவதற்குள் சீப்பைத் தூக்கக்கூடக் கை வரவில்லை. யாரையும் கேட்காமல் தச்சர் நாற்காலியைத் திரும்பப் போட்டார்.

அவள் போனபின் ஒருநாள் தம்பி வந்திருந்தான். புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். தேறிக்கொண்டுதான் வந்தாள், பயம்தான் அவளை மறுபடி உட்கார வைத்தது என்று சொல்லப் போவதாக, அனுமதி கேட்பதுபோலச் சொன்னான். எத்தனையோ பேர் இந்தச் சிகிச்சையில் எழுந்து நடந்ததைத் தன் கண்ணால் பார்த்திருப்பதாகவும் சொன்னான்.

தச்சர் குரலை உயர்த்தவில்லை.

"நடந்திருப்பாங்க மச்சான், நான் இல்லைங்கல. உன்கிட்ட பேசின அன்னிக்கு உங்கக்காவும் நல்லாத் தூங்குவா. 'பேசினா மனசு லேசாகுது, கால் லேசாகலையே'ன்னு அவளே சொன்னா. ரெண்டையும் சொல்லு. ஆனா பயந்தவள்னு சொல்லாத. நாற்காலிய எடுன்னு நீ சொன்னப்ப ஏன்னுகூடக் கேக்காம ஏறினவ அவ."

விடைபெற்று இறங்கிய தம்பி திருப்பத்தில் நின்றான். பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தான். மேலே பார்த்து, "பயம்ங்கிறத எடுத்துடறேன் மாமா. கை வராமப் போனதையும் சொல்றேன்" என்றான். எழும்போது, "இது ஆடுதே" என்றான்.

"தச்சன் வீட்டு நாற்காலி" என்றார் அவர்.

நாற்காலி அங்கேயேதான் கிடக்கிறது. பின்கால் இன்னும் ஆடுகிறது.