காலேஜுக்குப் போன ராஜாங்கம்

தனத்துக்குக் கடலூர் காலேஜில் பி.யு.சி. படிக்க இடம் கிடைத்தபோது நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் அவர்கள் தெருவே சந்தோஷப்பட்டது. அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய ஆண்பிள்ளையே இல்லை, பெண்ணைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? தனத்துக்கு இருந்த கஷ்டம் ஒன்றுதான். அவளோடு சேர்ந்து அவளுடைய அப்பா ராஜாங்கமும் காலேஜுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

படிக்க அல்ல, துணைக்கு. அவ்வளவு தூரம் வயசுப் பெண்ணைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்புவதாவது என்று ஒரே பிடிவாதம். அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. மேஸ்திரியிடம் கெஞ்சி நைட் ஷிப்டாக மாற்றிக்கொண்டார். விடிந்ததும் வீட்டுக்கு வருவார், குளிப்பார், வெள்ளை வேட்டி கட்டுவார், மழையோ வெயிலோ இல்லாத நாளிலும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே இவ்வளவு காலையில் என்று எதிரே வருகிறவர்கள் கேட்டால், "காலேஜுக்குப் போய்க்கினு இருக்கேன்" என்பார். அப்படிச் சொல்வதில் அவருக்குக் கொள்ளை ஆசை.

பஸ்ஸில் தனம் ஜன்னலோரம், பக்கத்தில் அவர். கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினால்கூட அவர் வாங்கித்தான் அவளிடம் கொடுப்பார். அவள் வகுப்புக்குப் போனதும் காலேஜ் கேட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில் துண்டை விரிப்பார். கொஞ்ச நாளிலேயே பையன்கள் அவருக்குக் 'கேட் பிரின்சிபால்' என்று பேர் வைத்துவிட்டார்கள். லேட்டாக வருகிறவன் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே ஓடுவான். அவரும் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டுவார். தரையைப் பார்த்துப் பார்த்து நடந்து தனத்துக்குத்தான் கழுத்து வலித்தது.

அம்மா கலியம்மாளிடம் சொல்லி அழுதாள். கல்யாணமான நாளாக என்னை ஒரு திருவிழாவுக்குக்கூட அழைத்துப் போகாத மனுஷன், உன்னையாவது தினம் பஸ்ஸில் அழைத்துப் போகிறாரே என்று கலியம்மாள் சிரித்தாள்.

வேறு துணை கிடைத்தால் அப்பாவைக் கழற்றிவிடலாம் என்று தனம் யோசித்தாள். டவுன்ஷிப் ஹைஸ்கூலில் அவளோடு படித்த சந்திரகலா நினைவுக்கு வந்தாள். அவளுடைய அப்பா சோமசுந்தரம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சுரங்க ஆபீசில் கிளார்க். நல்ல மார்க் வாங்கியிருந்தும் சந்திரகலா க்வார்ட்டர்ஸில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். நெய்வேலி வெயிலில் அதை யார் போடப் போகிறார்கள் என்று அவளுக்கே தெரியாது. காலேஜில் இன்னும் சில இடங்கள் காலியாக இருந்தன. தனம் அந்த வீட்டுக்குப் போய்ச் சந்திரகலாவின் அம்மா சுப்புலட்சுமியிடம் பேசினாள்.

சுப்புலட்சுமி எந்தப் பஸ், எத்தனை மணிக்குத் திரும்புவது, பெண்களுக்குத் தனி ரூம் உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டாள்: "உங்கப்பா தினமும் கூட வாராராமே?"

தனத்துக்குப் பொய் வராது. ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்ப சந்திராவை அனுப்புதேன். அவரு வார வரைக்கும்."

துணையை ஒழிக்கப் போனவள் துணைக்கு ஒரு பதவியே வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். செய்தி பரவி, மந்தாரக்குப்பம் மளிகைக்கடை துரைராஜும் தன் மகள் ஆதிலட்சுமியைச் சேர்த்துவிட்டார். ராஜாங்கத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் மூன்று பெண்களையும் விரலை நீட்டி எண்ணிக்கொண்டார்.

இப்படி ஆடி முடிந்து ஆவணி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைவென்று மேஸ்திரி அவரை இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்க்க வைத்துவிட்டார். அடுத்த நாள் காலை பஸ் குறிஞ்சிப்பாடியைத் தாண்டுவதற்குள் மனுஷன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். காலேஜ் ஸ்டாப்பிங் வந்தது. எழுப்பலாமென்று தனம் கையைக் கொண்டுபோனாள். அவர் நகக்கண்ணில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தாள். எழுப்ப மனசு வரவில்லை என்று பிற்பாடு சொன்னாள். அது பாதி நிஜம். மற்ற இரண்டு பேருக்கும் ஜாடை காட்டிவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிவிட்டாள்.

ராஜாங்கம் கண் விழித்தபோது பஸ் கடைசி ஸ்டாப்பான ஓல்ட் டவுனில் காலியாக நின்றுகொண்டிருந்தது. பெண்களைக் காணோம். குடையும் கையுமாக ஓட்டமும் நடையுமாக வந்து, வாட்ச்மேன் தடுத்ததையும் கேட்காமல் உள்ளே நுழைந்து, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். மூன்றாவது ஜன்னலுக்குள் மூன்று பேரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் யாரென்று கேட்க, தனம் எழுந்து நின்றாள். "எங்கப்பா சார்" என்றாள். அப்போது மட்டும் அவள் தரையைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேரையும் இரண்டு தடவை எண்ணினார். வடலூர் நெருங்கும்போது தனத்திடம் கேட்டார்.

"ரோட்ட எப்படித் தாண்டினீங்க?"

"ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான்."

"எவனாவது எதனா கேட்டானா?"

"ஒருத்தன் கேட்டாம்பா."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னா கேட்டான்?"

"உங்க பிரின்சிபால் இன்னிக்கு லீவான்னு கேட்டான்."

ஆதிலட்சுமி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். ராஜாங்கம் சிரிப்பதா கோபிப்பதா என்று கொஞ்சம் தடுமாறிவிட்டு, சிரித்தே விட்டார்.

அன்று சாயங்காலம் அவரே சோமசுந்தரம் வீட்டுக்குப் போனார். காலையில் பஸ்ஸில் தூங்கிப்போனதைச் சொல்லி, நாளையிலிருந்து தான் போகப் போவதில்லை என்றார். சுப்புலட்சுமி வாசலுக்கே வந்துவிட்டாள். அப்படியானால் பெண்கள் கதி என்ன என்று கேட்டாள்.

"அதுங்க போவும்மா. தூங்கினது நாந்தாங்க. அதுங்க முழிச்சிக்கினுதான் இருந்துச்சுங்க."

சோமசுந்தரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அவர் சொல்வது சரிதானே என்றார். ஒரு வாரம் பார்க்கலாம் என்றாள் சுப்புலட்சுமி. அந்த ஒரு வாரத்தை யாரும் அப்புறம் எண்ணவில்லை.

அடுத்த ஜூனில் சந்திரகலாவின் பக்கத்து ப்ளாக்கிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். பஸ்ஸில் முன்சீட்டுகளைக் கண்டக்டர் தானாகவே விட்டு வைத்தார். தனம் பி.யு.சி. பாஸ் செய்து, அதே காலேஜில் பி.எஸ்சி. கணிதம் எடுத்தாள். ராஜாங்கம் பகல் ஷிப்டுக்கு மாறி நிம்மதியாக ராத்திரியில் தூங்கினார். சுரங்கத்தில் சாப்பாட்டு நேரத்தில் யாராவது உங்கள் பெண் என்ன படிக்கிறது என்று கேட்டால் சோற்றுக் கையை அப்படியே நிறுத்திக்கொள்வார்.

"கணக்கு" என்பார். "நம்ம கணக்கு இல்ல. அதுல நம்பரே கம்மியாம்."