எடை போடாத காசு

கந்தப்பனின் நகைக்கடை ராஜ வீதியில் ஒரு சின்னக் கடை. நிதா உள்ளே வந்தபோது பெஞ்சில் இரண்டு பெண்கள் கொலுசுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்து வைத்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நான்கு புறமும் ஒட்டியிருந்த பழைய தங்கக் காசு.

"ஜார்ஜ் மன்னர் பவுனுங்ணா. நிக்காஹ் அன்னைக்கு எங்க ஊட்டுக்காரர் எனக்கு மஹரா குடுத்தது. விக்கோணும்."

கந்தப்பன் உறையைக் கத்தியால் கீறிக் காசை வெளியே எடுத்தார். தராசில் வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு லென்சைக் கண்ணில் வைத்துக்கொண்டு விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நிதா கவனித்தாள்.

"அம்மணி, கொஞ்சம் உக்காருங்க. டீ வரும், குடிங்க" என்றார். கொலுசுக்காரப் பெண்கள் கேட்ட விலைக்கே கொடுத்து அனுப்பினார். போகும்போது ஒருத்தி, "இன்னைக்கு அண்ணன் தங்கமா இருக்காரு" என்று சிரித்தாள்.

அவர்கள் படியிறங்கிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"இது தங்கமில்லீங்க. பித்தளை மேல முலாம். நெசப் பவுன் எட்டு கிராமுக்கு ஒரு மயிரிழைதான் கம்மியா இருக்கும். இதுல பாதிதான் இருக்குது. எழுத்தெல்லாம் பாருங்க, சோப்பு கரைஞ்சாப்பல. எங்க வாங்குனாருங்க?"

"போன்லதாங்ணா. பழைய ஊட்டுச் சொத்து, அவசரத்துக்கு விக்கிறோம்னு போட்டோ போட்டிருந்தாங்களாம். சர்டிபிகேட்டும் வந்துச்சு."

"போட்டோ நெசக் காசோட போட்டோவா இருக்கும். சர்டிபிகேட்டு யாரு வேணாலும் அச்சடிக்கலாம். பில்லு குடுக்காதவன்கிட்ட, அன்னைக்கு ரேட்டுக்குக் கீழ குடுக்கறவன்கிட்டப் பவுன் வாங்கவே கூடாதுங்க. அதுகூடப் போகட்டும், ஒருவாட்டி தராசுல வெச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே?"

நிக்காஹ் மேடையில், மணமகன் மணமகளுக்குக் கட்டாயம் தரவேண்டிய மஹராக அந்தக் காசு கைமாறிய நேரம் நிதாவுக்கு நினைவு வந்தது. எடை பார்க்கட்டுமா என்று யாரோ கேட்டார்கள். அவளைப் பெற்ற அத்தா பதறிப்போய்க் கையை அசைத்தார். மாப்பிள்ளை மனமுவந்து வைத்ததைத் தராசில் போடுவதா? அது அவர்கள் வீட்டு மரியாதைக்கு ஒவ்வாது. அந்த நல்ல மனதை நம்பித்தான் முகம் தெரியாத ஒருவன் பித்தளையை அனுப்பியிருக்கிறான்.

"குறுக்கால வெட்டிப்போடட்டுங்களா அம்மணி? முழுசா இருந்தா இன்னொருத்தர் ஏமாறுவாங்க."

"வேண்டாங்ணா. அவரு பாக்கக் கேப்பாரு."

அவள் காதில் கிடந்த தோடுகளைக் கழற்றி வைத்தாள். கந்தப்பன் சேதாரம் எதுவும் கழிக்காமல் முழு விலை கொடுத்தார். காசைப் புது உறையில் வைத்து, முன்பிருந்தது போலவே ஒட்டித் தந்தார்.

கோட்டைமேட்டுச் சந்துக்குள் அவள் திரும்பியபோது வெயில் உச்சியில் இருந்தது. அவள் கணவன் நிஜாம் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பெரியநாயக்கன்பாளையத்து வார்ப்புப் பட்டறையில் உருக்கிய இரும்பைத் தூக்கி ஊற்றியவன். இப்போது இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. டயாலிசிஸ் செய்யக் கையில் இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைக்க வேண்டும். அதற்குத்தான் பணம். குடிக்கும் தண்ணீருக்கும் மருத்துவர் கணக்கு வைத்துவிட்டார். காலையில் ஒரு டம்ளர், பகலில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். பகல் டம்ளர் அவன் பக்கத்தில் தொடப்படாமல் இருந்தது. தாகம் தாங்க முடியாத நேரத்துக்கென்று அதைக் காத்து வைப்பது அவன் வழக்கம்.

"ராஜா போயிட்டாரா?" என்று சிரிக்க முயன்றான். அந்தக் காசுக்கு அவன் வைத்த பெயர் அது.

"விக்க மனசு வரல மச்சான்." அவள் முந்தானையைக் காதுக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

அவன் பார்த்துவிட்டான்.

"மஹரை வெச்சுக்கிட்டுத் தோட்டை வித்தியா? உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? நான் உனக்கு ஒழுங்காக் குடுத்தது அது ஒண்ணுதான், அதையும் வித்துரச் சொல்லிட்டேனேன்னு காலைல இருந்து குறுகிப்போய்க் கெடந்தேன்."

அவள் நின்றுகொண்டிருந்தாள். வழியெல்லாம் அவளுக்குள் கோபம் இருந்தது. ஒரு கடையில், ஒரு தராசில் பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா என்று கேட்கத்தான் வந்தாள். அவன் டம்ளரை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"வெயில்ல வந்திருக்கே. குடி."

"ஐயோ, உங்களுக்கு இனி ராத்திரி வரைக்கும் கெடையாது."

"குடி புள்ள. தாராளமாக் குடுக்கறதுக்கு என்கிட்ட வேற என்ன இருக்குது?"

அவன் உதடுகள் வெடித்திருந்தன. நிதா டம்ளரை வாங்கினாள். பிஸ்மி சொல்லி மெதுவாகக் குடித்தாள். 'யா அல்லாஹ், அவர் எனக்குத் தர வேண்டிய மஹருக்கு ஈடாக இதை வாங்கிக்கொண்டேன். நீயே சாட்சி' என்று மனதுக்குள் சொன்னாள். கேட்க வந்த கேள்வியைக் கடைசி வரை கேட்கவில்லை.

கையில் தைத்த இரத்தக் குழாய் பலப்படுவதற்குள் நிஜாமுக்குக் காய்ச்சல் கண்டது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவன் மௌத்தானான்.

குளிப்பாட்டிக் கஃபன் துணி போர்த்தி ஜனாஸாவைத் தூக்கும் முன், அவனுடைய அண்ணன் யாகூப் வாசலில் கூடியிருந்தவர்களிடம் சொன்னார்: "என் தம்பி யாருக்காவது ஏதாவது தரவேண்டியிருந்தா இப்பவே சொல்லுங்க. நான் பொறுப்பேத்துக்கறேன்." பிறகு உள்கட்டின் திரையோரம் வந்து நின்றார்.

"நிதாம்மா, கேக்காம இருக்க முடியாது. மஹர் பாக்கி ஏதாச்சும் உண்டா?"

பெண்கள் கூட்டத்தில் அழுகை நின்றது. நிஜாமின் தாய் உம்மல் குல்சும் சட்டென்று நிமிர்ந்தாள். "பாக்கியா? என் மகன் ராஜா காசு குடுத்தான். ஊரே பாத்துச்சு. எடுத்தாந்து காட்டு அம்மணி!"

நிதா எழுந்துபோய் அலமாரியிலிருந்து காசை எடுத்துக் கிழவியின் கையில் வைத்தாள். அவள் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு விம்மினாள். அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். இது பித்தளை என்று ஒரு வார்த்தை சொன்னால், தோள்களில் ஏறக் காத்திருக்கும் அந்த உடம்பு இன்னொரு முறை சாகும். வாங்கவில்லை என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. ஆனால் அவள் வாங்கியிருந்தாள், ஒரு டம்ளர் தண்ணீராக.

"முழுசா வாங்கிட்டேனுங்க" என்றாள் திரையைப் பார்த்து. "ஒரு பாக்கியும் இல்லீங்க."

ஜனாஸா அந்தச் சந்திலிருந்து வெளியே போனது.

கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கும் நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த மறுநாள் நிதா ராஜ வீதிக்குப் போனாள். கந்தப்பன் அவள் வெறுங்காதையும் முகத்தையும் பார்த்துவிட்டுப் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இப்ப வெட்டிப்போடுங்ணா. அவரு போயிட்டாரு. எங்க மாமியாருக்குத்தான் இது பித்தளைன்னு தெரியாது."

"மாமியார் தேடமாட்டாங்களா?"

"தேடுவாங்க. பத்திரமா இருக்குதுன்னு சொல்லுவேன். பத்திரமாத்தான் இருக்குது."

அவருக்கு அது விளங்கவில்லை. இருந்தாலும் தலையாட்டினார். கத்திரியின் வாயில் காசை வைத்து அழுத்தினார். மன்னரின் கழுத்தோடு அது இரண்டானது. வெட்டு வாயில் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. இரண்டு துண்டுகளையும் அவர் பழைய உலோகக் குப்பையில் போட்டார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கவில்லை. மாமியார் நாக்கு வறண்டு படுத்திருந்தாள். நிஜாம் அன்று தன் பங்குத் தண்ணீரைக் கொடுத்த டம்ளரில் நிதா தண்ணீர் மொண்டுவந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தாள்.

"பாத்துப் புடிங்க மாமி" என்றாள். "அதைக் கீழ போட்டுறாதீங்க."