இருபத்தேழுக்கு மேல் இரண்டு

ஐந்தரைக்கு எழுந்தான். தண்ணீர் பிடித்தான். பல் தேய்த்தான். டீ போட்டுப் பாதி குடித்தான். மீதியைத் தொட்டிச் செடிக்கு ஊற்றினான். அதற்கு டீ பிடிக்குமா என்று அவன் கேட்டதில்லை. சட்டையைத் தேய்த்தான். மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை என்பதைத் தேய்க்கும்போது பார்த்தான். நேற்றும் பார்த்திருந்தான். ஏழே முக்காலுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"சார், சாவி."

ஐந்தாம் வகுப்புப் பெண். எதைச் சொன்னாலும் ஏன் என்று எதிர்க்கேள்வி போடுவதால் பள்ளியில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். பள்ளிக் கதவைத் திறந்து வகுப்பைப் பெருக்குவதற்காகத் தினமும் இதே நேரத்துக்கு வந்து சாவி கேட்பாள். அவன் ஆணியில் இருந்து எடுத்துக் கொடுப்பான். அவனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். எட்டு மாதமாக இதில் ஒரு மாற்றமும் இல்லை.

இன்றைக்கு மட்டும் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. நகரத்துப் பள்ளிக்கு மாறுதல் கேட்டு அவன் எழுதியது. அண்ணன்தான் அங்கே இடம் பேசி வைத்திருந்தான். "அந்த வீட்டுல தனியா உக்காந்து என்னடா பண்ணப்போறே, கிளம்பி வா" என்று வாரம் தவறாமல் ஃபோன் செய்து கொண்டிருந்தான். இன்று ஆண்டு ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். அவரிடம் கடிதத்தைக் கொடுத்து ஒரு கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது.

பள்ளிக்கூடத்தின் வேலையும் அத்தோடு முடிந்துவிடும். அது அவனுக்குத் தெரியும். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு, இரண்டு அறை, இருபத்தேழு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் என்றிருந்த இடம். இரண்டில் ஒருத்தி அவன் மனைவி. அவள் போனபிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. இவனும் போய்விட்டால் கதவைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளை எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பெரிய பள்ளியில் எல்லாம் இருக்கிறது, நல்லதுதானே என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேலைக்கு வந்த முதல் வருடம் அப்படித்தான் நினைத்தான், அதனால் இப்போதும் நினைக்க முடியும் என்று நம்பினான்.

இந்தப் பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும் விதம் வேறு எங்கும் இல்லாதது. அதைக் கொண்டுவந்தவள் அவள். அவர்கள் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு பையன் இரண்டு நாள் வரவில்லை. அப்பா அம்மா விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடும் வீடு. மூன்றாம் நாள் அவள் நேரில் போய்ப் பார்த்தபோது, காய்ச்சலில் பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தான். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டான். மறுநாள் காலை அவள் பதிவேட்டைத் திறந்து ஒரு சட்டம் போட்டாள். இனி யாரும் தன் பெயருக்குத் தானே பதில் சொல்லக் கூடாது. பட்டியலில் மேலே இருப்பவர், அடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசி ஆள் முதல் ஆளுக்கு. வரவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். 'தெரியாது' என்பது காரணம் ஆகாது. தெரியாது என்றவர் இடைவேளையில் அந்த வீடுவரை நடந்து போய்த் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

இரண்டு முறை வெயிலில் நடந்தபிறகு பிள்ளைகளுக்குப் புத்தி வந்தது. பள்ளிக்கு வரும் வழியிலேயே தன் ஆள் வீட்டில் ஒரு குரல் கொடுத்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். விஷயம் வீடுகளுக்கும் தொற்றியது. ஊரில் யாருக்குக் காய்ச்சல், யார் சைக்கிள் பஞ்சர், எல்லாம் ஒன்பது மணிக்குள் வகுப்பறைக்கு வந்துவிடும். "அவங்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை டீச்சர், அதான் இவன் டிரவுசர் ஈரமா இருக்கு" என்று ஒருவன் எழுந்து நின்று சொன்ன அன்று, அந்த அப்பா ஒரு வாரம் பள்ளிக்கூடம் இருக்கும் தெருப்பக்கமே வரவில்லை. ஆனால் காய்ச்சல் வீட்டுக்கு மதியம் கஞ்சி போனதும், கைக்குழந்தைக்காரிக்குத் துணி துவைக்க ஆள் கிடைத்ததும் இதே வழியாகத்தான்.

இருபத்தேழு பெயர் முடிந்ததும், பதிவேட்டில் எழுதாத இரண்டு பெயர் மிச்சம் இருக்கும். அவனுக்கு அவள் பதில் சொல்வாள். "சார் வந்திருக்கார். முழிப்பு மட்டும் இன்னும் வரல." பிள்ளைகள் கூரை அதிரச் சிரிப்பார்கள். அவளுக்கு அவன் சொல்ல வேண்டும். அவனுக்கு அப்படியெல்லாம் பேச வராது. "வந்திருக்காங்க" என்று மட்டும் சொல்வான்.

எட்டு மாதமாக அவன் இருபத்தேழோடு பதிவேட்டை மூடிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

அதிகாரி ஒன்பதுக்கு முன்பே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், கனமான பை. கழிப்பறையைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைத் தட்டினார், மழைக்கு முன் ஊர்க் கொத்தனார் சும்மா வந்து மாற்றிக் கொடுத்த ஓடுகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பதிவை நானே எடுக்கிறேன் என்று பேனாவைத் திறந்தார்.

முதல் பெயரைப் படித்தார். அந்தப் பெயருக்குரிய சிறுமி வாயைத் திறக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "வந்திருக்கா சார்" என்றான். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது பெயர். அதற்குரிய பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் சிறுமி, "வந்திருக்கான் சார், சளி பிடிச்சிருக்கு" என்றாள். மூன்றாவதுக்கு இரண்டாமவன். அதிகாரி பேனாவை மூடினார்.

"இருபது வருஷமா சுத்தறேன். ஒருத்தனுக்கு இன்னொருத்தன் குரல் கொடுக்கறதைக் காலேஜ்லதான் பாத்திருக்கேன். நீங்க ஒண்ணாம் கிளாஸ்லயே பழக்கிட்டீங்க போல."

அவர் எழுந்து தலைகளை எண்ணினார். இருபத்தாறு. பதிவேட்டில் இருபத்தேழு. போலிப் பெயர் ஏற்றிக் கணக்குக் காட்டும் பள்ளிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. இது என்ன ஏற்பாடு என்று ஆசிரியரிடம் கேட்டார்.

சொல்ல ஆரம்பித்தால் அவளிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். முன் வரிசையில் வக்கீல் எழுந்தாள். காய்ச்சல் பையனிலிருந்து இடைவேளை நடை வரை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னாள். சட்டம் போட்டது டீச்சர் என்று சொன்னாள். டீச்சர் எங்கே என்று அதிகாரி கேட்கவில்லை. அது அவருடைய கோப்பிலேயே இருந்தது.

"சரி. இன்னைக்கு வராதது யாரு?"

"ரேடியோ சார்" என்று வகுப்பே சொன்னது. வாய் ஓயாத மூன்றாம் வகுப்புப் பையன்.

"அவனுக்கு யார் பதில்?"

பால்காரர் மகள் எழுந்தாள். இரண்டாம் வகுப்பு, மேசை உயரம். "நேத்து சாயங்காலம் கால்ல முள்ளு ஏறிடுச்சு சார். அவங்கம்மா எடுக்கப் பாத்தாங்க, இவன் ஊரையே கூட்டிட்டான். அப்புறம் தையல்கார மாமா ஊசியால எடுத்துவிட்டாரு. நடக்க முடியல. எங்கப்பா பால் ஊத்திட்டுத் திரும்பும்போது வண்டியில ஏத்திட்டு வருவாரு. பத்து மணிக்கு. வீட்டுப்பாடம் முடிச்சுட்டான், ஏழாம் வாய்ப்பாடு மட்டும் தெரியாது."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி வரை இருக்கிறேன் என்றார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அவன் பாடம் நடத்தினான். நடத்தினான் என்று பெயர். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தெருமுனையில் பால்கேன்கள் மோதும் சத்தம் கேட்டது; அதையும் மிஞ்சிக்கொண்டு ஒரு பேச்சுச் சத்தம். மூன்றுசக்கர வண்டி வாசலில் நின்றது. இரண்டு கேன்களுக்கு நடுவே, கட்டுப்போட்ட காலைத் துப்பாக்கி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு ரேடியோ உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர், யாரும் சொல்லாமலே எழுந்துபோய்க் கைகளைக் கோத்து அவனைத் தூக்கி வந்தார்கள். இறக்கி வைத்ததும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், முள் எவ்வளவு நீளம் என்று விரலால் அளந்து காட்ட ஆரம்பித்தான். பால்காரர் மகள் அவன் வாயைக் கையால் பொத்தினாள்.

ஆசிரியருக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. எட்டு மாதத்தில் முதல்முறை. இவர்கள் என் பிள்ளைகள் என்று உரக்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பொத்தான் இல்லாத இடத்தைக் கையால் மூடிக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்து முதலிலிருந்து ஆரம்பித்தார், இந்தத் தடவை அவர்கள் முறைப்படி. இருபத்தேழு பேருக்கும் பதில் வந்தது. ஒருவனின் சளி, ஒருத்தியின் புதுச் செருப்பு, ஒரு வீட்டில் நேற்றுப் பிறந்த கன்றுக்குட்டி எல்லாம் சேர்ந்தே வந்தன. மூடியை எடுத்துப் பேனாவில் மாட்டினார். பிள்ளைகள் உட்காரவில்லை.

"முடிஞ்சுதே. உக்காருங்க."

"இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க சார்" என்றாள் வக்கீல். "எங்க சார் வந்திருக்கார்."

"தெரியுது. பக்கத்துலயே நிக்கறாரே."

"இருந்தாலும் சொல்லணும். தினமும் நான்தான் சொல்றேன். அவர் போர்டுப் பக்கம் திரும்பினதும் சொல்லுவோம், அவருக்குக் கேக்காத மாதிரி." ஒரு நொடி தயங்கினாள். சட்டம் சட்டம்தான் என்பதுபோல மேலே போனாள். "சட்டையில பட்டன் இல்ல. ஒரு வாரமா இல்ல. காலைல டீ மட்டும்தான், அதுவும் பாதி. இன்னைக்குப் பரவால்ல, ஷேவ் பண்ணியிருக்கார்."

வகுப்பு சிரித்தது. அவன் காது சுட்டது. இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

"சாவிக்கு வரேனே சார்."

அதற்குமேல் அவள் மறைக்கவில்லை. கழுத்துக் கயிற்றை இழுத்து எடுத்தாள். நீல நூல் சுற்றிய ஒரு சாவி தொங்கியது. நூல் சுற்றியது யார் என்று அவனுக்குத் தெரியும். எட்டு மாதமாக வீடு முழுக்கத் தேடி, தொலைந்தது என்று விட்டுவிட்ட, பள்ளியின் இரண்டாவது சாவி.

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு டீச்சர் கொடுத்தாங்க. சார் லேட்டானா நீ திறந்துடுன்னு."

"அப்புறம் எதுக்குத் தினமும் என்கிட்ட வந்து சாவி கேட்ட?"

"எழுந்துட்டீங்களான்னு கேட்டா நல்லா இருக்காதே சார்."

அதிகாரி பதிவேட்டை மூடினார். பிறகு ஆய்வுக் குறிப்பில் இரண்டு வரி எழுதினார். வருகைப் பதிவு முறை விசித்திரமானது. பிழை ஏதும் இல்லை. கையெழுத்துப் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தவர் நின்று, ஃபோனில் ஏதோ கடிதம் தர வேண்டும் என்றீர்களே என்று கேட்டார்.

அவன் கை சட்டைப் பைக்குப் போனது. கடிதம் அங்கேதான் இருந்தது. உள்ளே ரேடியோ முள்ளின் நீளத்தை இன்னொரு விரற்கடை கூட்டிக்கொண்டிருந்தான்.

"சாக்பீஸ் ரெண்டு பெட்டி வேணும் சார். காலியிடத்துக்கு ஒரு டீச்சரும்."

அதற்குக் கடிதம் வேண்டும் என்றார் அதிகாரி. எழுதி அனுப்புகிறேன் என்றான்.

அவன் திரும்பி வந்தபோது பிள்ளைகள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெயர் பாக்கி இருந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன். அவர்கள் எட்டு மாதமாக அந்த ஒன்றை மட்டும் தொடாமல் அவனுக்காக வைத்திருந்தார்கள்.

"டீச்சர் வரல" என்றான். "இறந்துட்டாங்க."

இந்த அறையில் அதை அவன் சொன்னது அதுவே முதல்முறை. யாரும் அழவில்லை. காரணம் கேட்டுக்கொண்டவர்கள் தலையாட்டுவது போலத் தலையாட்டினார்கள். உட்காருவார்கள் என்று பார்த்தான். வக்கீல் மட்டும் கையைத் தூக்கினாள்.

"பிள்ளைங்களைப் பாத்துக்கோங்கன்னு கடைசியா சொன்னாங்களாமே சார். பாட்டி சொன்னாங்க."

பாட்டி என்றது அவன் மாமியாரை. மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, அவனாகச் சொல்லி வைத்த வாக்கியம் அது. ஊரே அதைச் சொல்லிச் சொல்லி அழுதது. உண்மையைச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. காய்ச்சல் இறங்குகிறது என்று டாக்டரே சொல்லியிருந்த காலை அது. அவள் விரட்டினாள், இவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டான். பத்து மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அவன் அவள் பக்கத்தில் இல்லை. அதனால்தான் அவள் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை.

"இல்ல" என்றான். "அப்படிச் சொல்லல."

இருபத்தேழு பேரும் காத்திருந்தார்கள். அவன் பதிவேட்டை மேசையில் வைத்தான். அவள் படுக்கையிலிருந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, வகுப்பில் பேசும் அதே குரலில் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவர்களிடம் சொன்னான்.

"மணி எட்டரை ஆச்சு, இன்னும் இங்க உக்காந்து என் மூஞ்சியையே பாத்துட்டு இருக்கீங்க. நீங்க வரலைன்னா அங்க காரணம் சொல்ல வேண்டியவ நான், நானே இங்க படுத்துக் கிடக்கேன். கிளம்புங்க."