ஒற்றைச் சிறகுப் புறா

லோவினா இறந்துபோன அப்பாவின் தாடையைத் துணிப்பட்டையால் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"லோவி, தம்பியோட கடைசிக் கடுதாசிய எடு. அவர் பக்கத்துல நின்னு ஒருதடவ படிச்சிடு. கேட்டுட்டே போகட்டும்."

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போர்முனையிலிருந்து தம்பி ஜோத்தாம் எழுதும் கடிதங்களை அப்பாதான் படித்துக் காட்டுவார். லோவினா காகித ஆலை விடுதியில் தங்குபவள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் அப்பா சொல்லும் சேதியைக் கேட்டுக்கொள்வதோடு சரி. ஜூனில் தம்பிக்கு வலது கையில் காயம், கூடாரத் தோழன்தான் எழுதித் தருகிறான் என்றும் அப்பாதான் சொன்னார்.

கடிதத்தை எடுத்தாள். வர்ஜீனியா, 1864 செப்டம்பர் 20. படிப்பதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பழக்கம். ஆலையில் ஒன்பது வருடமாக அவள் வேலை அதுதான்: தாள்களை வெளிச்சத்தில் பார்த்துப் பழுதைக் கழிப்பது.

தாளுக்குள் ஒரு புறா தெரிந்தது. அவர்கள் ஆலையின் நீர்க்குறி. புறாவுக்கு இடது சிறகு இல்லை.

ஆகஸ்டில் நீர்க்குறி பதிக்கும் உருளையில் அந்தச் சிறகின் கம்பி அறுந்துவிட்டது. அதற்குள் ஓடிவிட்ட தாள்கள் எதுவும் ஊரைத் தாண்டவில்லை, மறுபடி கூழாக்கிவிட்டார்கள். ஒரு கட்டுத் தாளை மட்டும் லோவினா மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, அலமாரித் தட்டில் விரிக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"எழுத்து கலங்கியிருக்கும்மா."

அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் படித்து முடித்தாள். மழை, புது பூட்ஸ், பீன்ஸ் சாப்பாடு, அம்மாவுக்கு முத்தம்.

பிற்பகலில் ஃபினர்ட்டி வந்தார். ரயில் நிலையத்தில் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று அவரைப் போலவே பேப்பர் விற்பவர். தொப்பியைக் கழற்றினார்.

"பதினோரு வருஷமா கத்திக் கத்தியே என் ஆளுங்கள இழுத்துட்டான். இன்னிக்குத்தான் வாய மூடியிருக்கான், பாவி."

லோவினா அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் காபி ஊற்றினாள். கதவைச் சாத்தினாள்.

"மிஸ்டர் ஃபினர்ட்டி, ஜூன்ல எங்கப்பா என்னிக்காவது பேப்பர் விக்காம இருந்தாரா?"

அவர் கோப்பையைச் சுற்றினார். "மழ பேஞ்சா யாரு விப்பா?"

"மழையப் பத்திக் கேக்கல."

"சொல்ல மாட்டேன்னு உங்கப்பன் எபனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்மா."

"அவர்தான் போயிட்டாரே."

ஃபினர்ட்டி கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு நாள். செத்தவங்க பட்டியல் நீளமா வந்துச்சே, அன்னிக்கு. தன் பேப்பர் கட்டப் பிரிச்சுப் படிச்சான். அப்புறம் தண்டவாளத்தத் தாண்டி வந்து என் கட்டையும் மொத்தமா வாங்கிட்டான். எதுக்குடான்னேன். அடுப்பெரிக்கன்னான். அன்னிக்கு ஊர்ல எவனுக்கும் பேப்பர் இல்ல."

"அதுல எங்க வீட்டுப் பேரு இருந்துச்சா?"

"நான் எங்க பாத்தேன்? ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையே."

காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

வெளிச்சம் மங்குவதற்குள் அம்மா சுவரைத் தடவிக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"பேனா எடு. தம்பிக்கு நாமதான் சொல்லணும். பேப்பரப் பாத்தா அவன் தெரிஞ்சுக்கறது?"

"நாளைக்கு எழுதலாம்மா."

"இப்பவே. கஷ்டப்படாம போனாருன்னு மொதல்ல எழுது. இல்லேன்னா அங்க கெடந்து மருகுவான்." சற்றுப் பொறுத்து, "ஏன், எழுதற சத்தமே கேக்கல?"

லோவினா நிப்பை மையில் தோய்த்தாள். பெயருக்கான முதல் வரியை விட்டுவிட்டு, அடுத்த வரியில் எழுதத் தொடங்கினாள். அம்மா தலையைச் சாய்த்து, நிப்பு தாளில் கீறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.